கொளுத்திப் பார்த்தால் தெரியும்

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஒழிந்துவிட்டது. நம்பாதவர்கள் அரசாணையைப் படிக்கலாம். எண் 84, நாள் 25.6.2018. படித்த கையோடு தெருவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். நம்பிக்கை கெட்டுவிடும்.

பதினான்கு பொருட்களுக்குத் தடை. கேரி பேக், டீ கப், தட்டு, ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட், இலைக்குப் பதில் விரிக்கும் தாள் என்று போகிறது பட்டியல். ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். கையேந்திபவனில் புழங்கியது எல்லாம் உள்ளே இருக்கிறது. இரண்டு ரூபாய்த் தண்ணீர் பாக்கெட் குற்றவாளி. இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டில் நிரபராதி. இரண்டும் பிளாஸ்டிக்தான், இரண்டிலும் தண்ணீர்தான். வித்தியாசம் பதினெட்டு ரூபாய்.

அந்த பாட்டில் எங்கே விற்கிறது? தென்னேரியில் விற்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர். மழையைத் தேக்கிக் கழனிக்கு விட்டவன் பேரன், பெட்டிக்கடையில் ஒரு லிட்டர் வாங்கி, மூடியைக் கரையில் வீசுகிறான். அவனைத் திட்டுவது சுலபம். அதனால்தான் எல்லோரும் அவனையே திட்டுகிறார்கள்.

தடைக்கு ஆறு மாதம் நிறைந்த வேளையில் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் எழுந்தருளினார். 2019 ஜூலை 1 முதல் 48 நாள். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். மணிக்கணக்கில் வரிசை. தண்ணீர்ப் பந்தலை மட்டும் நம்பி யார் வருவார்கள்? ஆளுக்கொரு பாட்டில். பக்தர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இது சொல்லாமல் கொள்ளாமல் வந்த திருவிழா இல்லை. 1979-ல் குளத்துக்குள் இறங்கியவர், 40 ஆண்டு கழித்து வருகிறேன் என்று தேதி சொல்லிவிட்டுப் போனவர். ஊர் முழுக்கக் குழாய் போட்டு, சங்கிலியில் தம்ளர் கட்ட 40 ஆண்டு பற்றவில்லை. அடுத்து 2059. இப்போதே ஆய்வுக் கூட்டம் போடலாம். மேசையில் ஆளுக்கொரு பாட்டில் வைத்துப் பேசலாம்.

காஞ்சி தறி ஊர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளரிடம் சந்தேகமான இழையைக் கொடுத்துப் பாருங்கள். நுனியைக் கொளுத்துவார். பட்டு என்றால் முடி பொசுங்கும் வாடை, விரலில் தேய்த்தால் பொடி. செயற்கை இழை என்றால் உருகி உருண்டையாகும். ஒரு தீக்குச்சி போதும், ஆய்வகம் வேண்டாம். அப்பேர்ப்பட்ட ஊரில் முப்பதாயிரம் ரூபாய்க்குப் புடவை எடுத்தால் எதில் போட்டுத் தருகிறார்கள்? பார்த்தால் துணி. தொட்டாலும் துணி. பாவும் அறியாது, ஊடையும் அறியாது. பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சூடேற்றி ஒட்டிய நான்-ஓவன் பை. அந்தப் பதினான்கில் இதுவும் ஒன்று. மேலே ஒரு பச்சை இலையை அச்சடித்துவிட்டால் 'துணிப்பை' ஆகிவிடுகிறது. ஜரிகையை உரசிப் பார்த்து வாங்கும் அம்மா, அதில் போட்டு எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறுகிறார். சோதனைக்கு வந்த சார் வீட்டுக் காய்கறியும் அதில்தான் போகிறது. யாரிடமும் தீக்குச்சி இல்லை.

அபராதக் கணக்கும் உண்டு. சிறு கடைக்கு முதல் தடவை 100 ரூபாய், பிறகு 200, அப்புறம் 500. சேமித்து வைத்து லாரியில் அனுப்புகிறவருக்கு 25,000-ல் ஆரம்பித்து ஒரு லட்சம் வரை. காகிதத்தில் நியாயம்தான். களத்தில் யார் அகப்படுகிறார்? சாம்பாரைக் கவரில் கட்டும் இட்லிக் கடை ஆயா. அவருக்குப் பூட்டும் இல்லை, பின்வாசலும் இல்லை. கவர் செய்யும் இயந்திரமோ அறை முழுக்க நிற்கிறது. மின் இணைப்பு இருக்கிறது, மாதாமாதம் பில் வருகிறது. அது மட்டும் கண்ணில் படாது. சில ஆலைகளுக்குச் சீல் வைத்தார்கள், மறுக்கவில்லை. சந்தையில் கவர் ஒருநாள்கூடத் தட்டுப்பாடானதில்லையே, அதற்கு என்ன பதில்?

ஆலையிலேயே அடைத்து ஒட்டி வரும் உறைகளுக்கு ஆரம்பத்தில் விலக்கு இருந்தது. 2020 ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளில், அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். கைதட்டினோம். கடை வாசலில் அன்று தொங்கிய சிப்ஸ் சரம் இன்றும் தொங்குகிறது. அதற்குத் தமிழ் படிக்கத் தெரியாது போலும்.

டெல்லி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. விற்ற பிளாஸ்டிக்குக்கு விற்ற நிறுவனமே பொறுப்பு என்று விதி. தானே பொறுக்க வேண்டாம், மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடக ஆலைகளில் ஆறு லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. உறை நம் வேகவதியில் கிடக்கும். அது கரைந்த சேதி சூரத்துப் பக்கம் காகிதத்தில் இருக்கும். பாவம் தீர்க்கும் தலங்கள் காஞ்சியில்தான் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. நல்ல திட்டம், கிண்டல் இல்லை. பையைக் கக்கும் இயந்திரமும் வந்தது. பத்து ரூபாய் நாணயம் போட வேண்டும். கடைக்காரரும் கண்டக்டரும் தொட மறுத்த அதே பத்து ரூபாய் நாணயம். பரவாயில்லை, செல்லும் இடம் ஒன்றாவது கிடைத்தது.

பதினான்கில் பிளாஸ்டிக் கொடியும் உண்டு. சட்டைப் பையில் குத்தும் கொடி கூடாது. நாற்பது அடிக்குத் தலைவர் சிரிக்கும் ஃபிளெக்ஸ் பேனர் பட்டியலில் இல்லை. அதுவும் பிவிசிதான், அதுவும் பிளாஸ்டிக்தான். தடை வந்த அதே 2019-ன் செப்டம்பரில், பள்ளிக்கரணையில், கல்யாணத்துக்கு அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன பெண்மேல் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறியது. 23 வயது. பிளாஸ்டிக் மக்க நூற்றாண்டுகள் ஆகும் என்பார்கள். கொல்லச் சில சமயம் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

பேனர் வைக்க மாட்டோம் என்று அப்போது கட்சிகள் வரிசையில் நின்று வாக்குக் கொடுத்தன. வாக்கு மக்கிவிட்டது. வரும் ஜூன் 5-க்கு ஃபிளெக்ஸ் கடையில் ஆர்டர் போயிருக்கும். 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்.' பத்துக்கு இருபது அடி.