யார் பாட்டு? எம்பி3 கோப்புகளின் இலக்கணம் குறித்து ஓர் ஆராய்ச்சி

பாட்டாவது யாதெனின், கேட்கப்படுவது. கோப்பாவது யாதெனின், தேடப்படுவது. இரண்டுக்கும் நடுவே கிடந்து உழல்பவன் ஆய்வாளன். இக்கட்டுரையின் ஆய்வுக்களம் என் பழைய ஹார்டு டிஸ்க். சுவடிகள், பர்மா பஜார் சிடி முதல் மைத்துனரின் பென் டிரைவ் வரை பலவிடத்தும் திரட்டப்பட்டவை. திரட்டில் மிகுதியாகப் பாடியிருப்பவர் 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்' என்னும் பெரும்புலவர். கர்னாடக சங்கீதம், கானா, கந்த சஷ்டிக் கவசம் எல்லாம் அவருக்குக் கைவந்தவை. தலைப்பு வைப்பதில்தான் நாட்டமில்லை; பெரும்பாலும் 'ட்ராக் 01' என்றே விட்டுவிடுவார்.

ஒவ்வொரு எம்பி3 கோப்பின் வாலிலும் ஓர் ஏடு செருகலாம் என்று 1996இல் வழி செய்தவர் எரிக் கெம்ப். ஐடி3 என்று பெயர். மொத்தம் 128 பைட். தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. மிச்சம் மூன்றில் 'டேக்' என்று ஆங்கிலத்தில் முத்திரை. வெண்பாவுக்குக்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. ஒருங்குறியில் தமிழெழுதினால் குறிக்கு 3 பைட். 'கே' என்பது நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு குறி, ஆக 6 பைட். இக்கணக்கின்படி முப்பது பைட்டுக்குள் அடங்குவது 'டி.எம்.சௌந்' வரைதான். தரராஜன் வெளியே நிற்கிறார்.

வகைக்கு ஒரே பைட் என்றேன். அதில் எழுத்து இராது, எண்தான். மூலப் பட்டியலில் எண்பது வகை. டெத் மெட்டலுக்கு 22, போல்கா நடனத்துக்கு 75. பின்னாளில் வினாம்ப் நீட்டிய பட்டியலில் கிறிஸ்தவ கேங்ஸ்டா ராப்புக்கு 136. குத்துப் பாட்டு, தத்துவப் பாட்டு, தாலாட்டு, சாமிப் பாட்டு, ஹீரோ அறிமுகப் பாட்டு எதற்கும் எண் இல்லை. அத்தனையும் 24 என்ற சவுண்ட்டிராக் தொட்டியில் கொட்டிக் கிடக்கின்றன. அதிலும் சேராதவை 12, அதாவது 'இதர'.

எண்ணால் வகை சொல்வது புதுமை என்பார் உளர். அது பொருந்தாது. என்னை? அகநானூற்றைத் தொகுத்தவர் நானூறு பாட்டுக்கும் இதைச் செய்துவிட்டார். ஒற்றைப்படை எண் என்றால் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிந்தால் குறிஞ்சி, நான்கில் முல்லை, ஆறில் மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். 137ஆம் பாட்டு என்றால் புத்தகத்தைத் திறக்காமலே பிரிவுத் துயரம் என்று சொல்லிவிடலாம். வகைக்கென்று தனி பைட்டே செலவில்லை. என் திரட்டிலும் முயன்று பார்த்தேன். காதல் தோல்விப் பாட்டுகளுக்கு மட்டும் ஒற்றைப்படை எண்கள் போதவில்லை.

இனி 'பாடியவர்' என்னும் கட்டம். வழக்கெல்லாம் இங்கேதான். "இது யார் பாட்டு?" என்று கேட்டுப் பாருங்கள். எம்ஜிஆர் பாட்டு என்பார் அப்பா. ராஜா பாட்டு என்பேன் நான். வைரமுத்து பாட்டு என்பார் தமிழாசிரியர். பாடியவர் பெயர் நான்காவதாக வந்தால் அதிசயம். 'பயணங்கள் முடிவதில்லை' வந்த 1982 முதல் மைக்கும் கையுமாக நின்றவர் மோகன், குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியம், ஆனால் ஊர் சொல்வது மோகன் பாட்டு. வாயசைத்தவருக்கு ஐடி3இல் கட்டமே இல்லை. இது சிறு குறையன்று.

பின்வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பில் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் தனி இடம் உண்டே எனின், உண்டு. நிரப்பியது யார்? கோப்பைப் பரப்பிய ஏதோ ஒரு வலைத்தளம், எல்லாக் கட்டத்திலும் தன் முகவரியையே எழுதிவைத்திருக்கிறது. பரிபாடலை ஏடு பெயர்த்தவர்களுக்கு இந்தப் புத்தி இல்லை. ஐந்தாம் பாட்டின் அடியில் எழுதியவர் கடுவன் இளவெயினனார், இசை கண்ணனாகனார், பண் பாலையாழ் என்று மூன்று கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறார்கள்.

ஔவையார் ஒருவரா பலரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இளையராஜா விஷயத்தில் என் கணினி தீர்த்துவிட்டது: அறுவர். ஆங்கிலத்தில் எழுதும்போது எல் ஒன்றா இரண்டா, ராஜாவுக்கு ஏ எத்தனை என்பதில் ஆளுக்கொரு பாடம். 'அன்னக்கிளி' ஒருவருடையது, 'தளபதி' வேறொருவருடையது. ஆறாமவர் பெயருக்கு முன்னால் ஒரு வெற்றிடம் விழுந்திருப்பதால் வரிசையில் ஏ.ஆர். ரஹ்மானுக்கும் முந்தி நிற்கிறார்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'ஆயிரத்தில் ஒருவன்' ஆல்பத்தைத் தட்டினால், 1965இன் விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டு ஒன்று, 2010இன் ஜி.வி. பிரகாஷ் குமார் பாட்டு ஒன்று என்று மாறி மாறி வருகிறது. பெயரொற்றுமையால் நேர்ந்த இடைச்செருகல். ஆண்டைப் பெயரோடு சேர்த்தெழுதிப் பிரித்தேன். பில்லாவும் பொல்லாதவனும் இன்னும் பிரிபடாமல் கிடக்கிறார்கள். 1980, 2007 என்று இருவருக்கும் ஆண்டுகூட ஒன்றாகவே அமைந்தது என்ன பொருத்தமோ.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிறு மாலை அப்பா வந்து உட்கார்ந்தார். "அந்த மழைப் பாட்டு இருக்காப்பா?" 'மழை' என்று தேடினேன். 2005இல் வந்த 'மழை' படம் முழுதும் வரிசை கட்டி நின்றது. "இது இல்ல, அவ நனைஞ்சிக்கிட்டே வருவாளே" என்றார். நனைதலுக்குக் கட்டம் இல்லை. பல்லவி மறந்துபோய், அதற்கு முன்னால் வரும் வயலினைத் தொண்டையால் வாசித்துக் காட்டினார். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவி, துருவல் நிற்காமலே படத்தின் பெயரைச் சொன்னாள்.

பாட்டு அன்னோன் ஆர்ட்டிஸ்ட்டிடம் இருந்தது. ட்ராக் 07. அடுத்த முறை தேடாமலிருக்க, பழைய மென்பொருளைத் திறந்து குறிப்புக் கட்டத்தில் 'அப்பா கேட்டது' என்று எழுதிச் சேமித்தேன். திரும்பத் திறந்தபோது 'அப்பா கேட்' என்று மட்டும் இருந்தது.