ராமைக் காத்த கதை

மாசி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். காலில் புளியங்கொட்டை குத்தும். பாப்பாரப்பட்டிப் பக்கம் புளி சீசன் வந்துவிட்டால் திண்ணை, கூடம் எல்லாம் புளிக்குத்தான் சொந்தம். மனிதர்கள் ஓரமாக நடந்து போய்க்கொள்ள வேண்டும். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தெறிக்கும். எந்தத் திசையில் தெறிக்கும் என்பதை ஸ்ரீஹரிகோட்டாவில் இருப்பவர்களாலும் சொல்ல முடியாது. என் அம்மாவுக்கு 74 வயது. கையில் இன்னும் வேகம் குறையவில்லை. போன வருஷம் அம்மா தட்டிய கொட்டை ஒன்று சாம்பாரில் கிடைத்தது. இன்னொன்று என் செருப்புக்குள். இந்த வருஷம் ஒன்று என் மடிக்கணினிக்குள் வந்து உட்கார்ந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். கூடத்தில் உட்கார்ந்து திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் போன் செய்தார். பதறிப் போய் மூடியை அழுத்தி மூடினேன். 'நறுக்' என்று ஒரு சத்தம். அப்பளம் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்பளம் உடையாத நாள் இல்லை.

திறந்து பார்த்தால் இடது கீழ் மூலையில் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி ஒரு கறுப்பு. அதிலிருந்து பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் மேலே ஏறிப் போயிருந்தன. 'அனைத்து வினாக்களுக்கும்' வரை தெரிந்தது. 'விடையளிக்க' கறுப்புக்குள் போய்விட்டது. பிள்ளைகள் பார்த்திருந்தால் அந்த வினாத்தாளே போதும் என்றிருப்பார்கள்.

முதல் இரண்டு நாள் ஒயரைப் போட்டு டி.வி.யில் இணைத்து வேலை பார்த்தேன். 32 அங்குலத்தில் என் வினாத்தாள் கூடத்தில் ஒளிபரப்பானது. பால் கணக்குப் பார்க்க வந்த பெண்மணியின் மகன் பிளஸ் டூ. அந்த இரண்டு நாளும் பால் கொண்டுவந்தது அவன்தான். மாலை ஏழரைக்கு என் மனைவியின் சீரியல் வேறு. அந்த நேரத்தில் தமிழுக்கு இடமில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். திரை மாற்ற பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஓர் இனிய குரல் சொன்னது. குரலுக்கும் சேர்த்துத்தான் கணக்கு போலிருக்கிறது.

ஓசூரில் இருக்கும் மச்சானைக் கேட்டேன். அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

"வெளிக்கடையில குடுங்க மாமா, மூணுல ஒரு பங்குல முடிஞ்சிரும். ஆனா பக்கத்துலயே உக்காந்திருங்க. டிஸ்பிளே மாத்தறேன்னு சொல்லிட்டு ராமை உருவிருவானுங்க. எட்டை எடுத்துட்டு நாலைப் போட்டு மூடிட்டா உங்களுக்குத் தெரியவா போகுது?"

என் கணினியில் ராம் என்று ஒருவர் எட்டு ஜி.பி. அளவுக்குக் குடியிருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் மாவட்டத்துக்கும் ராமருக்கும் பழைய தொடர்பு உண்டு. தீர்த்தமலையில் அவர் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்தார் என்பது தலபுராணம். ராமாயணத்தில் சீதையைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். இங்கே ராமையே தூக்குகிறார்கள் என்றால் சும்மா இருக்க முடியுமா?

"அடியில இருக்கிற ஸ்க்ரூ மேலெல்லாம் ஏதாவது பெயிண்ட்டு வெச்சிருங்க மாமா. கழட்டினா தெரிஞ்சிரும்."

"டிஸ்பிளே மாத்தறதுக்கு ஸ்க்ரூவைக் கழட்டித்தானே ஆகணும்டா?"

"டிஸ்பிளே மேல இருக்குது. ராம் கீழ இருக்குது. மேல் வேலைக்கு வந்தவன் கீழ எதுக்குக் கை வைக்கிறான்?"

தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள்கூட இவ்வளவு தெளிவாகத் தடை விடை சொன்னதில்லை. வீட்டில் பெயிண்ட் இல்லை. மனைவியின் நெயில் பாலிஷ் இருந்தது, மருதாணிச் சிவப்பு. கணினியைக் குப்புறப் போட்டு, 11 ஸ்க்ரூவுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். நவராத்திரிக்குத் தாம்பூலம் வாங்கிய சுமங்கலிகள் வரிசையாக நிற்பது போலிருந்தது.

கடை தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கடைக்காரத் தம்பி நிமிர்ந்தால் தலையில் ஆறாவது படி இடிக்கும். அதனாலோ என்னவோ அவர் நிமிர்வதே இல்லை. இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு பக்கம் அரசின் விலையில்லா மடிக்கணினிகள் அடுக்கியிருந்தன. 2011இல் தொடங்கிய திட்டம். மூடியில் அன்றைய முதல்வர் படம். அவற்றைப் பள்ளியில் வாங்கிய பிள்ளைகளில் பலருக்குக் கல்யாணமாகி, அவர்களுடைய பிள்ளைகள் எல்.கே.ஜி. போகிற வயது. கணினிகள் மட்டும் இன்னும் ரிப்பேருக்கு வந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தம்பி தொழில் கற்றதும் தனக்குக் கிடைத்த கணினியைத் தானே கழட்டிப் பார்த்துத்தானாம். கழட்டியபின் மூன்று ஸ்க்ரூ மிச்சமானது என்றும், அந்த மூன்றும் எங்கே போக வேண்டும் என்று தேடித்தான் தொழிலுக்கு வந்ததாகவும் சொன்னார்.

"எப்படிங்க சார் ஆச்சு?"

"தானாவே. ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு, காலைல திறந்தா இப்படி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை. வாரன்டி முடிந்து நாலு வருஷம் ஆகிறது. புளியங்கொட்டை என்று சொன்னால் கூடுதல் பணமா கேட்கப்போகிறார்? ஆனாலும் டாக்டரிடமும் மெக்கானிக்கிடமும் உண்மையைச் சொன்னால் நம் மதிப்பு குறைந்துவிடும் என்று ஒரு பயம். அவர் கறுப்பு தொடங்கிய மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய மானிட்டர் ஒன்றில் இணைத்துப் பார்த்துவிட்டு, "போர்டு நல்லா இருக்குது சார். பேனல் மட்டும்தான்" என்றார். காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றை எடுத்துத் திரையைச் சுற்றியிருக்கும் சட்டத்துக்குள் செருகி நெம்பினார். டக், டக், டக் என்று ஒவ்வொரு கொக்கியாக விட்டது. ஒவ்வொரு டக்குக்கும் நான் ஒரு முறை எழுந்து உட்கார்ந்தேன்.

"தர்ட்டி பின்னு சார். நீங்க பாட்டுக்கு ஃபார்ட்டி பின் வாங்கிட்டு வந்திருந்தா சேராது."

அளவு ஒன்றாகவே இருந்தாலும் பின்னால் ஒயர் செருகும் இடத்தில் முப்பது முனையா நாற்பது முனையா என்று பார்க்க வேண்டுமாம். ஓரத்தில் ஸ்க்ரூ மாட்டும் காது இருக்கிறதா இல்லையா, அதுவும் பார்க்க வேண்டுமாம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தால் போதும். திரைக்கு முப்பது.

"ஐ.பி.எஸ். போட்டுரலாங்களா சார்? முன்னூறு ரூபா சேத்தி ஆகும்."

"எதுக்குப்பா ஐ.பி.எஸ்.? எனக்கு ஏட்டு இருந்தா போதும்."

அவர் சிரிக்கவில்லை. இந்த ஜோக்கைத் தினமும் யாராவது ஒருவர் சொல்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாமல் தெளிவாகத் தெரியும் திரைக்கு அந்தப் பெயர் என்று பொறுமையாக விளக்கினார். வினாத்தாள் அடிப்பவனுக்குப் பக்கவாட்டில் தெரியாமல் இருப்பதுதானே வசதி? சாதாவே போதும் என்றேன். எல்லாம் சேர்த்து 4,700 கேட்டார், 4,500க்கு முடிந்தது. பேனல் கையில் இல்லை. "எஸ்.பி. ரோட்டுக்கு வாட்ஸாப்புல நம்பர் அனுப்பிட்டேன் சார். நாளைக்குக் காலைல பஸ்ல வந்துரும்" என்றார். முதலில் ஐ.பி.எஸ்., இப்போது எஸ்.பி. ஒரு திரை மாற்ற எத்தனை அதிகாரிகள்! எஸ்.பி. ரோடு பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் தெரு என்பது பிறகுதான் தெரிந்தது.

"மிசினை வெச்சிட்டுப் போங்க சார்."

வைத்துவிட்டா? ராமை விட்டுவிட்டா? சட்டத்தைத் திரும்ப மாட்டச் சொல்லி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கைக்குழந்தை என்று நினைத்து சீட் பிடித்துக் கொடுத்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் கடை திறக்கும்போது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். பேனல் வரப் பதினொன்றரை ஆனது. காத்திருந்த நேரத்தில் எல்.சி.டி. என்றால் என்ன என்று செல்போனில் படித்தேன். 1888இல் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் காரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலில் ஒரு சேர்மம் செய்து சூடாக்கியிருக்கிறார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178.5 டிகிரியில் இன்னொரு முறை உருகித் தெளிந்தது. ஒரு பொருள் இரண்டு தடவை உருகுமா என்று மனிதர் குழம்பிப்போய் இயற்பியல்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். அதை வைத்து அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் திரை செய்து காட்டியது 1968இல். இடையில் 80 வருஷம் அந்தக் கலங்கலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பெரிதாக யாருக்கும் தோன்றவில்லை. ஆக, காரட்டில் பிறந்து, பிராகில் குழம்பி, அமெரிக்காவில் ஆளான ஒரு பொருளைப் பாப்பாரப்பட்டியில் ஒரு புளியங்கொட்டை முடித்துவைத்திருக்கிறது. காய்கறிக்குள் நடந்த விவகாரம். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

பேனல் வந்தது. தம்பி கணினியை வாங்கியதும் குப்புறக் கவிழ்த்தார்.

"தம்பி, டிஸ்பிளே மேலதானே?"

"பேட்டரி உள்ள இருக்குது சார். அதைக் கழட்டாம டிஸ்பிளே ஒயரைப் புடுங்கினா போர்டுல இருக்கிற ஃபியூஸ் போயிரும்."

மச்சானின் தத்துவத்தில் பேட்டரி இல்லை. தம்பி விளக்கை இழுத்து ஸ்க்ரூக்களின் மேல் பிடித்தார். 11 மருதாணிப் பொட்டுகளும் பளபளத்தன. ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்த்தார். முனை வழுக்கியது. பாலிஷ் பள்ளத்துக்குள் இறங்கிக் கல்லாகியிருந்தது.

"இது கம்பெனி வெச்சதில்லீங்களே சார்."

"பேத்தி... விளையாட்டா..."

எனக்குப் பேத்தி கிடையாது. என் மகன் ஒன்பதாவது படிக்கிறான்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. காது குடையும் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, ஒவ்வொரு பொட்டாக அழித்தார். முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் பிரின்டரோடு ஒரு பெரியவரும், உப்பிய பேட்டரியோடு ஒரு கல்லூரிப் பையனும் வந்து எனக்குப் பின்னால் நின்றார்கள். "என்னங்க அது செவப்பா?" என்று பெரியவர் கேட்டார். "பேத்தி" என்றார் தம்பி, தலை நிமிராமல். எனக்கு அந்த மாடிப்படியே தலையில் இறங்கினால் தேவலாம் போலிருந்தது.

அடிமூடி திறந்தது. ராம் அங்கேதான் இருந்தார், பச்சை நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில். இவருக்காகவா என்று தோன்றியது. பேட்டரி கழன்றது, பழைய பேனல் வெளியே வந்தது. புதியதை மாட்டும் முன் தம்பி இடுக்கியை எடுத்து, மூடியும் உடலும் சேரும் கீல் சந்துக்குள் விட்டார். எதையோ பிடித்து மெல்ல இழுத்துப் பச்சை விரிப்பின் மேல் வைத்தார்.

வழவழவென்று, கரும்பழுப்பாய், ஒரு பக்கம் லேசாக நார் ஒட்டியபடி.

யாரும் பேசவில்லை. "புளியங்கொட்டைங்க" என்றார் பிரின்டர் பெரியவர், என் உதவிக்கு வருவதாக நினைத்துக்கொண்டு.

புது பேனலை ஒட்டுவதற்கு முன்பே எரியவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. முழுத் திரைக்கும் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினார். திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நிறம். ஒன்று செத்திருந்தாலும் தெரிந்துவிடுமாம்.

"பிரைட்னஸ் பாக்கணும். பாஸ்வேர்டு சொல்லுங்க சார்."

நானே அடிக்கிறேன் என்று கையை நீட்டினேன். பேனல் இன்னும் ஒட்டவில்லை, அசைந்தால் ஒயர் பிடுங்கிக்கொள்ளும் என்றார். வேறு வழியில்லை. குரலைத் தாழ்த்தி, "அதியமான் நெல்லிக்கனி" என்றேன்.

"அதியமானுக்கு 'டி'க்கு அப்புறம் 'எச்' உண்டுங்களா சார்?"

"அதியமான்கோட்டை போர்டுல எச் போட்டுத்தான் இருக்குதுங்க" என்றார் பெரியவர். கல்லூரிப் பையன் அவசரமாகத் தன் செல்போனை எடுத்து எதையோ மாற்ற ஆரம்பித்தான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் ஆண்ட ஊரில் வேறு என்னதான் பாஸ்வேர்டு வைப்பார்கள்?

எல்லாம் மாட்டி முடித்ததும், நான் கேட்காமலேயே ஒரு பக்கத்தைத் திறந்து கணினியை என் பக்கம் திருப்பினார். "ராம் பாத்துக்கங்க சார்." எட்டு ஜி.பி. என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், பயன்படுத்தக்கூடியது 7.83 என்று இருந்தது.

வெளியே போய் மச்சானுக்குப் போன் செய்தேன். "டேய், பாயிண்ட் ஒன்று ஏழு குறையுது!"

"நான் சொன்னேன்ல மாமா!" என்று அவன் கத்தியது உள்ளே கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது தம்பி, கொஞ்சம் ராமைக் கணினியே படம் காட்டுவதற்காக எடுத்து வைத்துக்கொள்ளும், புதிதாக வாங்கிய அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பிரின்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூன்று மாதம் வாரன்டி என்றார். கோடு விழுந்தால் மாற்றித் தருவாராம். "எதையாவது வெச்சு மூடினா கிடையாதுங்க சார்." பாலிஷ் அழித்ததற்கு ஏதாவது தருகிறேன் என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார். பழைய பேனலை அட்டையில் சுற்றி, ஸ்க்ரூ போட்டு வைக்கும் சின்ன ஜிப் கவர் ஒன்றையும் சேர்த்து என் கையில் கொடுத்தார்.

"இதுவும் உங்களுதுதான் சார்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா திண்ணையில் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொட்டைச் சாக்கு. கொட்டையும் வீணாகாது, அரைத்த மாவு ஜவுளி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது, எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். கவரைப் பிரித்து, கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லவேளை, கொட்டைக்கு ஒண்ணும் ஆகலை" என்று சாக்கில் போட்டாள்.