கரையோரப் புயல் பண்டிதர்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்தவுடன், எண்ணூர் முதல் வேதாரண்யம் வரையுள்ள கரையோர ஊர்களில் தெருவுக்கு ஒருவராக வெளிப்படுபவர் புயல் பண்டிதர் ஆவார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவரான இவர், கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தை வைத்திருந்தாலும், தம் முழங்கால் வலியையே மேலான சான்றாகக் கொள்பவர்.

கலைச்சொற்கள் அனைத்தும் இவருக்கு மனப்பாடம். பொருளில்தான் சற்றுத் தகராறு. காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.யை எட்டினால் தாழ்வு மண்டலம், 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல் என்னும் வரிசையைப் பிழையின்றி ஒப்பிக்கும் இவர், அது காற்றுக்கான அளவே தவிர மழைக்கானது அன்று என்பதை ஏற்பதில்லை. "பெயரே வைக்காததற்கெல்லாம் பயப்படலாமா?" என்று இவர் தேநீர்க் கடையில் வழங்கும் தீர்ப்பை, தாழ்வு மண்டலத்தின் மழையிலேயே இடுப்பளவு நீர் புகுந்த வீட்டுக்காரரும் தலையசைத்துக் கேட்பதுண்டு.

இவரது புலமையின் உச்சம் துறைமுக எச்சரிக்கைக் கூண்டே. பகலில் கூம்பும் உருளையுமாகவும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகவும் ஏற்றப்படும் இக்குறிகளைத் தேர்வு மதிப்பெண்களாகவே கருதும் இவர், 8 வந்தால் மகிழ்ந்து, 10 வந்தால் மெய்சிலிர்த்து, பக்கத்து ஊருக்கு 9 கிடைத்துவிட்டால் உள்ளூரப் பொருமுவார். உண்மையில் 8, 9, 10 ஆகிய மூன்றும் பெரும் அபாயத்தையே குறிக்கின்றன; புயல் செல்லும் பாதைக்குத் துறைமுகம் இடப்புறம் அமையுமானால் 8, வலப்புறமானால் 9, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமானால் 10. பதினொன்றோ, வானிலை மையத்துடனான தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான குறி. பண்டிதர் நோக்கில் அது நூற்றுக்கு நூறு.

"ஆந்திராவுக்குப் போய்விட்டது" என்பது இவரது மற்றொரு மந்திரம். 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரு நாட்களில், கரையை ஒட்டி நகர்ந்த போதே அது சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டது. கரையைக் கடக்கும் இடம் மையப்பகுதியின் இடம் மட்டுமே என்றும், மழை மேகங்கள் பல நூறு கி.மீ. பரந்திருக்கும் என்றும் எடுத்துரைத்தால், அவை வெளி மாநில மேகங்கள் என்று பதில் வரும்.

இவரால் உண்மையான தீங்கு நேர்வது புயலின் கண் ஊரைக் கடக்கும் வேளையில்தான். காற்று சட்டென அடங்கியதும், "முடிந்தது" என்று முதலில் வாசலுக்கு வருபவர் இவரே. கண் நகர்ந்தபின் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும் என்பதால், மையம் அறிவிக்கும் வரை எவரும் இவர் பின்னால் வெளியேறலாகாது. அவசர உதவிக்கு மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. பண்டிதரின் கைப்பேசியில் இல்லாத ஒரே புயல் தகவல் அதுதான்.