காயல் எது? தூக்குவாளிச் சான்றுகளின் வழி ஒரு மறுஆய்வு

இடைக்காலப் பாண்டியர் வரலாற்றை எழுதியவர்கள் பலர். அந்த வரலாற்றைத் தேடி ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் ஏறுகிறவர்களின் வரலாற்றை எழுதத்தான் ஆளில்லை. இப்பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வுக்களத்தின் எல்லைகளாவன: கீழெல்லை மன்னார் வளைகுடா, வடவெல்லை தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு, மேலெல்லை கொற்கை வன்னிமரம், தென்னெல்லை காயல்பட்டினத்து அடுப்பங்கரை. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட மேல்நோக்கின மரமும், கீழ்நோக்கின கிணறும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டீக்கடையும் ஆய்வுக்கு உரியன.

வெளிநாட்டில் இத்துறைக்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1966ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில், இடைக்கால ஐரோப்பிய உடை தரித்து, வாளும் கேடயமுமாகச் சண்டை போட்டு விருந்துண்ட நண்பர் கூட்டம், பிற்பாடு 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. அவர்கள் நிலப்பரப்பை ராஜ்ஜியங்களாகப் பிரித்து, யார் ராஜா என்பதை வாட்போரில் தீர்மானிக்கிறார்கள். நம் கடற்கரையில் இரும்புக் கவசம் பூட்டிக்கொண்டு கிளம்பினால் முள்ளக்காடு தாண்டுவதற்குள் ஆள் சரிந்துவிடுவார். ஆகவே நம்மவர்கள் ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில், கல்வெட்டில் தடவிப் படிக்க மைதா மாவுப் பொட்டலம் ஒன்று (தொல்லியல் துறையார் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது நல்லது) என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். வாள் இல்லை. ஒருவருக்கொருவர் மேற்கோளால் வெட்டிக்கொள்கிறார்கள்.

1. காலக்கணிப்பு

பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு சொல்லும் முறை தனி. 'இரண்டாவதின் எதிர் ஆறாவது' என்பது போல ஓர் ஆண்டுக்கு எதிரே இன்னோர் ஆண்டை நிறுத்துவார்கள். இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பொதுக் கருத்து. எதற்காக இப்படி இரண்டாகப் பிரித்தார்கள் என்பதில்தான் அறிஞர்கள் பிரிந்தார்கள். வேன் ஏறும் நம் ஆர்வலர் குழுவின் புறப்பாடும் இம்மரபிலேயே நடக்கிறது. நோட்டீசில் காலை 6 மணி. வேன் உருள்வது ஆறின் எதிர் ஒன்றரை. இந்த ஒன்றரை, செயலாளர் குளித்து முடிக்கும் நேரம் என்பது ஒரு சாரார் கொள்கை. பொருளாளர் சில்லறை மாற்றி வரும் நேரம் என்பது மறுசாரார் கொள்கை (இரண்டுக்கும் ஆதாரம்: வேன் ஓட்டுநர், வாய்மொழி).

எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட 'இந்தியன் எஃபிமெரிஸ்' பெருந்தொகுதிகளைப் புரட்டினால், கல்வெட்டில் உள்ள கிழமை, திதி, நட்சத்திரத்தை வைத்து இன்ன நாள் என்று சொல்லிவிடலாம். எண்ணூறு ஆண்டுக்கு முன் ஒரு பாண்டியன் முடிசூடிய காலத்தை அப்படித்தான் கணித்தார்கள். வேன் எப்போது கிளம்பும் என்பதை அதிலும் பார்த்தாயிற்று. பலனில்லை.

2. ஆட்சிமுறை

பாண்டிய நாட்டை ஒரே நேரத்தில் ஐந்து சகோதர அரசர்கள் ஆண்டதாக மார்க்கோ போலோ எழுதுகிறார். போதாக்குறைக்குச் சடையவர்மன், மாறவர்மன் என்று இரண்டே பட்டங்கள் மாறிமாறி வரும். எத்தனை சுந்தர பாண்டியர், எத்தனை குலசேகரர் என்ற கணக்கில் பலருடைய கண்பார்வை போயிருக்கிறது. குழுவிலும் நிறுவனத் தலைவர், கௌரவத் தலைவர், செயல் தலைவர், முன்னாள் தலைவர் (இன்னும் விலகவில்லை) எல்லோரும் ஒரே காலத்தில் கோலோச்சுகிறார்கள். நோட்டீசுகளை மட்டும் சான்றாகக் கொள்ளும் வருங்கால ஆய்வாளர், ஒரே அண்ணாச்சி மூன்று நோட்டீசில் மூன்று பட்டத்தோடு வருவதைக் கண்டு மூன்று அண்ணாச்சிகள் இருந்ததாக நிறுவி முனைவர் பட்டம் பெறலாம். நான்காவது நோட்டீசு கிடைத்தால் இன்னொருவர் அதை மறுத்துப் பட்டம் பெறலாம். பாண்டியர் விஷயத்தில் இது நடக்கவில்லை என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

3. பொன்னாடை

ஒன்றே ஒன்று. சுற்றில் இருக்கிறது.

4. வரிவிதிப்பு

முத்துக்குளிப்பில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கு என்கிறார் போலோ. குழு வசூலிலும் ஏறத்தாழ இதே விகிதம். மந்திரம் போடுபவர் யார் என்று பொருளாளரிடம் யாரும் கேட்பதில்லை. இன்னொரு சான்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியருடையது. கீஷ் தீவின் ஜமாலுதீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்புவதாகவும், குதிரை ஒன்றுக்கு 220 தினார் விலையென்றும், வழியில் செத்த குதிரைக்கும் கஜானாவிலிருந்து பணம் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறார். பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களிடமும் வேன் வாடகையை வசூலிக்கும் குழு மரபு இதன் எச்சமே.

5. கொற்கை

கொற்கைத் துறைமுகத்தைக் கடல் கைவிட்டு, சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. வன்னிமரம் மட்டும் போகவில்லை. அதன் அடியில் குழுப்படம் எடுக்கப்படும். கொற்கையில் தண்டனைக் கைதிகளை விட்டு முத்துக் குளிக்கவைத்தார்கள் என்று 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்' என்ற பழைய கிரேக்க நூல் சொல்கிறது. நடுவெயிலில் "அண்ணாச்சி, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கேட்கும் கேமராக்காரர் முன் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால் அந்த முறை ஒழிந்ததாகத் தெரியவில்லை.

6. மதியச் சாப்பாடும் காயல் சிக்கலும்

இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வந்துவிட்டோம்.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், மார்க்கோ போலோ 'காயல்' என்ற பெருந்துறைமுகத்தை வர்ணித்தார். ஹோர்முஸ், கீஷ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் அங்கே நின்றன. அந்தக் காயல் எது? தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய பழையகாயல்தான் என்றார் பிஷப் கால்டுவெல். அவர் அங்கே மண்ணைக் கிளறிச் சீனப் பீங்கான் சில்லுகளைக் கண்டார். 1881இல் வந்த அவருடைய திருநெல்வேலி வரலாற்றில் இதெல்லாம் இருக்கிறது. போலோவைப் பதிப்பித்த ஹென்றி யூலும் ஒப்புக்கொண்டார். காயல்பட்டினத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பள்ளிவாசல்களும் அரபு நாட்டுக் கடல்தொடர்பும் தங்களிடம் இருக்க, பெயரை மட்டும் பக்கத்து ஊர் கொண்டுபோவதா என்பது அவர்கள் கேள்வி.

இதுவரை இச்சிக்கலை நாணயம், பீங்கான், ஆற்றின் போக்கு ஆகியவற்றைக் கொண்டே அணுகினார்கள். பகல் பன்னிரண்டரை மணிக்கு வேன் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நாம் பார்த்தோம். குழுவில் இரண்டு கட்சிகள் உண்டு. கால்டுவெல் கட்சியினர் வீட்டிலிருந்தே புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு வருபவர்கள். பழையகாயலில் ஒரு மரநிழல் கிடைத்தால் போதும், காயல் அதுவே என்று முடித்துவிடுவார்கள். பட்டினக் கட்சியினருக்குக் காயல்பட்டினத்தில் நண்பர் வீடு உண்டு. அங்கே களறிச் சாப்பாடு: நெய்ச்சோறு, களறிக்கறி, கத்திரிக்காய் போட்ட பருப்பு, கடைசியில் வட்டிலப்பம், தம்மடை. பிஷப்பின் கட்சியில் சுத்த சைவர்களே மிகுதி என்பது சமய வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது.

சான்றுகளைத் தரப்படுத்த வேண்டியிருக்கிறது. 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தபோது தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. உடையவர் பெயரைப் பாத்திரத்தில் கீறிவைக்கும் வழக்கம் அன்று தொடங்கி இன்றுவரை அறுபடவில்லை. எவர்சில்வர் கடையில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருகிறார்களே, அது வேறென்ன? ஆகவே குழுவின் பாத்திரங்கள் அனைத்தையும் முறையாகப் படியெடுத்தோம். முதன்மையானவை மட்டும் இங்கே:

கால்டுவெல் கட்சித் தூக்குவாளி (மூடி, வெளிப்புறம், ஒரே வரி): இரண்டு இனிஷியல், ஒரு திருமண நாள். மாதம் தேய்ந்துவிட்டது, விளக்கும் தேங்காய் நாரின் வேலை. புளியோதரை மரபின் தொன்மையை இது காட்டுகிறது.

அதே கட்சியின் டிபன் கேரியர் (மூன்றாம் தட்டு, அடிப்புறம், எண்ணெய்ப் பிசுக்கை அகற்றியபின் சாய்வெளிச்சத்தில் படிக்கப்பட்டது): வேறு இனிஷியல். முதல் இரண்டு தட்டோடு பொருந்தவில்லை. இடைச்செருகல்.

எவர்சில்வர் கிண்ணம் (கால்டுவெல் கட்சியின் மூத்த தலைவர் இல்லம், அடுப்படி அலமாரி, மேலிருந்து இரண்டாம் தட்டு, மிக்சி ஜாடிக்குப் பின்னால், கவிழ்த்துவைத்த நிலையில், தலைவர் கோயிலுக்குப் போயிருந்தபோது அவருடைய துணைவியார் முன்னிலையில், இரண்டாவது காபிக்கும் மிக்சருக்கும் இடைப்பட்ட வேளையில் பார்வையிடப்பட்டது): அடியில் ஒரு பிறை, அருகே காயல்பட்டினத்து நண்பர் வீட்டு இனிஷியல். உள்விளிம்பில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்து கெட்டித்த படிவு. மேல்மண் கலப்பில்லாத, கலைக்கப்படாத அடுக்கு.

இந்தக் கிண்ணம் தமிழக வரலாற்றையே புரட்டிப் போடுவது. அதை விளக்கப் புகுந்தவர்கள் உடனே மூன்றாகப் பிரிந்தனர். காயல்பட்டினத்துக்கும் தூத்துக்குடிச் சைவ வீடுகளுக்கும் நடந்த வணிகத்தின் அடையாளம் இது என்பது முதல் கருத்து. திறையாகச் செலுத்தப்பட்டது என்பது இரண்டாவது. மூன்றாவதைத் தலைவரின் துணைவியாரே சொன்னார்: "அவுகளுக்கு வட்டிலப்பம்னா உசிரு தம்பி. அங்க இருந்து வாங்கிட்டு வந்து கொல்லையில நின்னு தின்னாக. கிண்ணத்தத்தான் திருப்பிக் குடுக்கல." களஆய்வில் கிடைக்கும் இத்தகைய வாய்மொழித் தகவல்களை அப்படியே ஏற்பதற்கில்லை. முதல் கருத்தே பல்கலைக்கழகங்களில் செல்லுபடியாகும்.

போலோவின் நூலிலும் நமக்கு உதவி இருக்கிறது. இந்நாட்டார் குதிரைகளுக்குச் சோறும் கறியும் வேகவைத்துப் போடுகிறார்கள், அதனால்தான் அவை செத்துத் தொலைகின்றன என்று அவர் வருந்துகிறார். களறிச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிக்கு வேனுக்குள் குழுவினர் கிடக்கும் கிடையை நேரில் கண்டவர்கள் இந்தச் செய்தியை ஐயுற மாட்டார்கள். புளியோதரையால் ஒரு குதிரையும் சாகாது.

வெற்றிலையையும் விடக்கூடாது. காயல் மக்கள் எந்நேரமும் ஓர் இலையைச் சுண்ணாம்போடு மென்றுகொண்டிருக்கிறார்கள், ஒருவரை அவமதிக்க நினைத்தால் மென்றதை அவர் முகத்தில் துப்புவார்கள், துப்பப்பட்டவர் அரசனிடம் போய்ச் சண்டைக்கு அனுமதி கேட்பார் என்கிறார் போலோ. பழையகாயலுக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவழியில் இருக்கிற ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. குழுவின் இரு கட்சியும் ஒன்றாக இறங்கும் ஒரே நிறுத்தம் அதுதான். துப்புகிற வழக்கம் நின்றுவிட்டது. இப்போதெல்லாம் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழுக்கு மறுப்பு எழுதப்போவதாக மிரட்டுவதோடு சரி.

7. பிற்பகல் கல்வெட்டு வாசிப்பு

சான்று கிடைக்கவில்லை.

8. அறிக்கை

ஞாயிறு மாலை வேன் தூத்துக்குடிக்குள் நுழையும் முன்பே அறிக்கை தயார். 'அரிய கல்வெட்டு கண்டுபிடிப்பு' என்ற தலைப்பு முந்தின வாரமே எழுதப்பட்டிருக்கும். ஊர்ப்பெயரை நிரப்புவதுதான் பாக்கி. இந்த அவசரத்தைப் பார்த்துப் பெரிய அறிஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இங்கிருந்து கூப்பிடு தூரத்து ஆதிச்சநல்லூரில் 2004-05இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. அந்த அறிக்கையைக் கண்ணில் பார்க்க உயர்நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் மைசூரில் காலங்காலமாகக் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லவும் 2021இல் நீதிமன்றமே வேண்டியிருந்தது. நம் ஆர்வலர்கள் அவசரக்காரர்கள், பந்தா பேர்வழிகள், சாப்பாட்டுராமர்கள். ஆனால் புதர் மண்டிய குளத்துமடையில் கிடக்கும் துண்டுக் கல்லைத் தேடிப்போய்ப் பார்க்கிறவர்களும் அவர்களே. 'ஆவணம்' இதழில் வரும் புதுக் கல்வெட்டுகளில் எத்தனையோ, பள்ளி ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் கண்டு சொன்னவை.

9. முடிவு

பழையகாயலில் இன்று இருப்பது அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலை. மார்க்கோ போலோ திரும்பி வந்தால் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். காயல்பட்டினத்தில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். ஆகவே காயல் என்பது காயல்பட்டினமே. பிஷப் கால்டுவெல் பீங்கான் சில்லைப் பார்த்தார். பீங்கானில் என்ன பரிமாறினார்கள் என்று பார்க்கவில்லை.

இம்முடிவை மறுக்க விரும்புவோர் அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கலாம். புறப்பாடு ஆறின் எதிர் ஒன்றரைக்கு, பழைய பஸ் ஸ்டாண்டில். கட்டணத்தில் சாப்பாடு சேர்த்தி. கால்டுவெல் கட்சியினர் தங்கள் கட்டுச்சோற்றோடு அந்தக் கிண்ணத்தையும் கழுவிக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.