குனிந்து பார்த்து வாங்குங்கள்

பழைய ஜீப் வகை வண்டிகளை வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்கள் துருவைப் பற்றி எழுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: பழைய மாருதி ஜிப்சி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்டில் முகம் பார்க்கலாம். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் எஞ்சின் ஓடுகிறது. இன்னும் எதைப் பார்க்க வேண்டும்?
— நாகப்பட்டினம் வாசகர்

பதில்: முகம் பார்த்தது போதும், இனி வண்டியின் அடியைப் பாருங்கள். எஞ்சின் பழுதானால் இறக்கி வேலை பார்க்கலாம், கியர்பாக்ஸ் கெட்டால் வேறொன்று வாங்கி மாட்டலாம், கதவு நசுங்கினால் டிங்கரிங் செய்து நிமிர்த்தலாம். ஆனால் இவை யாவற்றையும் தாங்கி நிற்கும் சேஸிஸ் அரித்துப்போயிருந்தால், மற்றப் பாகங்கள் எவ்வளவு உத்தமமாக இருந்தபோதிலும் அந்த வண்டியால் பிரயோஜனமில்லை. ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸோடு இணைகிற இடங்கள், பாடியைத் தாங்கும் ரப்பர் புஷ்களின் சுற்றுப்புறம், பின் பம்பருக்கு உட்புறமுள்ள குறுக்குச் சட்டம், ஆசிட் சிந்தும் பாட்டரித் தட்டின் கீழ்ப்புறம் ஆகிய நான்கு ஸ்தானங்களையும் முதலில் பரிசோதியுங்கள். சேறு தங்குகிற இடத்தில் ஈரம் தங்கும். ஈரம் தங்குகிற இடத்தில் துரு குடியேறும். உங்கள் ஊர்க் கடற்காற்று கொண்டுவரும் உப்போ, இரும்பின்மேல் படிந்த ஈரத்தில் கரைந்து, அதனூடே மின்னோட்டம் எளிதில் செல்லும்படி செய்து, அந்த ரசாயன மாறுதலை மிகவும் துரிதப்படுத்துகிறது.

கேள்வி: துரு இல்லாத பழைய வண்டியே உலகத்தில் கிடையாது என்கிறார் தரகர். வாஸ்தவமா?
— சேலம் வாசகர்

பதில்: வாஸ்தவம்தான், ஆனால் எந்தத் துரு என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். மேலாகப் பழுப்புப் பொடி படிந்திருப்பது முதல் நிலை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். ஏடு ஏடாக உரிந்து வருவது இரண்டாம் நிலை. உரிகிற ஒவ்வோர் ஏடும் தகட்டின் கனத்திலிருந்து கழிந்ததே ஆகையால், மிஞ்சியிருக்கும் கனம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் விலை பேசலாகாது. விரல் நுழைவது மூன்றாம் நிலை. சேஸிஸில் விரல் நுழைந்த இடத்தில் பணத்தை நுழைக்காதீர்கள். கதவின் அடிவிளிம்பிலும், பின்சக்கர வளைவிலும், முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலைகளிலும் பெயின்ட் அப்பளம்போல் பொங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். துருவானது, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. பெயின்ட் பொங்கிற்றென்றால் உட்புறத்திலிருந்து அரிப்பு வெளியே வந்து சேர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: வண்டி பார்க்கப் போகும்போது கையில் என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
— திருச்சி வாசகர்

பதில்: டார்ச் விளக்கு, சிறு சுத்தியல், ஸ்குரூடிரைவர், துணி சுற்றிய காந்தம், அழுக்கானால் வருத்தப்படாத ஒரு சட்டை. பணப்பையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பகலில், வண்டி காய்ந்திருக்கும் வேளையில் போவது உத்தமம். ‘வாட்டர் சர்வீஸ் விட்டு வைக்கிறேன்’ என்று உரிமையாளர் அன்போடு சொன்னால், அந்த அன்புக்கு நன்றி கூறி, கழுவாமலே காட்டும்படி கேளுங்கள். சேஸிஸை நெடுகிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இரும்பு சொத்தென்று விழுங்கிக்கொள்ளும். நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவச் சேஸிஸ், தண்ணீர் வடிவதற்காக வைத்த துவாரங்கள் சேற்றால் அடைபட்டுப் போவதனால், உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குமாதலின், அங்கே கண்ணைவிடக் காதே நம்பத்தக்கது. காந்தம் எந்த இடத்தில் ஒட்ட மறுக்கிறதோ அந்த இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி அப்பியிருக்கிறார்கள். சேஸிஸை ஒட்டி ஓடும் பிரேக் குழாய்களையும் விட்டுவிடாதீர்கள். துருவேறிய குழாய், நீங்கள் உயிர்போகிற அவசரத்தில் மிதிக்கும் அந்தக் கணத்தில்தான் வெடிக்கும். இவ்வளவையும் பட்டறைக் குழியில் இறங்கியோ லிஃப்டில் ஏற்றியோ பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் புகலாகாது.

கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி எதையாவது என் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கண்டுபிடிக்க உபாயம் உண்டா?
— சென்னை வாசகர்

பதில்: உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்தவர்கள், சுருளுக்குள் மறைந்திருக்கும் பகுதியைத் துவைக்க மறந்துவிடுவது வழக்கம். பிறகு மிதியடியைத் தூக்கி, இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, அதன் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள திருகாணிகளையும் ஹெட்லைட்டின் உட்புறத்தையும் பாருங்கள். ‘கான்வாஸ் கூரை அல்லவா, மழைச் சாரல் பட்டிருக்கும்’ என்று சமாதானம் கூறுவார்கள். மேலேயிருந்து பெய்கிற சாரல் சீட் பெல்ட் சுருளுக்குள் வண்டல் மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்குமதியான பஜேரோ. ‘அங்கே வீதிகள் நல்லவை, துரு ஏது?’ என்கிறார் விற்பவர்.
— யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: வீதிகள் நல்லவைதாம், அவற்றின்மேல் தூவுகிற உப்பு நல்லதன்று. ஹொக்கைடோ முதலிய வடபிரதேசங்களில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்குவதற்காகக் கால்சியம் குளோரைடு முதலிய உப்புகளைச் சாலையில் தூவுகிறார்கள். சக்கரம் வாரி இறைக்கும் அந்த உப்புக் குழம்பு சேஸிஸின் மூலைமுடுக்குகளில் எல்லாம் படிந்துவிடும். ஆகவே அந்நாட்டு ஏலத்தில் வண்டியோடு கொடுக்கும் பரிசோதனைத் தாளின் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் வண்டியின் படத்தின்மேல் ‘எஸ்’ என்று குறித்திருந்தால் துரு, ‘சி’ என்று குறித்திருந்தால் அரிப்பு. பக்கத்திலுள்ள எண் ஏற ஏறச் சேதமும் அதிகம். ஆயினும் அந்தத் தாள், அது எழுதப்பட்ட தினத்தின் நிலையை மட்டுமே சொல்லும். கடல் சூழ்ந்த உங்கள் தீபகற்பத்தில் அப்புறம் கழிந்த வருஷங்களுக்கு வண்டியின் அடிப்பாகம் ஒன்றே சாட்சி.

கேள்வி: லேண்ட் ரோவரின் பாடி அலுமினியம் என்கிறார்களே, அதை வாங்கினால் கவலையில்லை அல்லவா?
— கொடைக்கானல் வாசகர்

பதில்: பாதிக் கவலை இல்லை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அந்த வண்டிக்கு, யுத்தத்துக்குப் பின் பிரிட்டனில் எஃகு கிடைப்பது துர்லபமாக இருந்தபடியால், அலுமினியக் கலவைத் தகட்டில் பாடி அமைத்தார்கள், சேஸிஸோ எஃகுதான். அன்றியும் இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், அலுமினியமே முதலில் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக உதிரும். டார்ஜிலிங் பக்கத்தில் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்கு அந்தப் பழைய லேண்ட் ரோவர்கள் நெடுங்காலம் ஏறி இறங்கியது அலுமினியத்தின் பெருமை மட்டுமன்று. சலியாமல் பழுதுபார்த்த கைகளின் பெருமையுமாகும்.

கேள்வி: டில்லி இரும்புத் தூண் சுமார் 1600 வருஷங்களாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. என் ஜீப் மட்டும் ஏன் இப்படி?
— கும்பகோணம் வாசகர்

பதில்: கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக விளங்கிய ஆர். பாலசுப்பிரமணியம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கரியிட்டுப் பிரித்தெடுத்த அந்தப் பழைய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதன் உதவியால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகித் தூணைக் காக்கிறது. பாஸ்பரஸ் மிகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மை பெறுமாதலால், மோட்டார் வண்டிக்குரிய எஃகில் அதைக் குறைத்தே வைக்கிறார்கள். மேலும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட அந்தத் தூண் ஒருநாளும் கடற்கரை மணலில் ஓடியதில்லை. உங்கள் ஜீப் ஓடியிருந்தால், அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவியிருக்க வேண்டும்.

கேள்வி: அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருக்கிறார்கள். நல்ல லட்சணம்தானே?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: புது வண்டியில் நல்ல லட்சணம், விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியில் விசாரணைக்குரிய லட்சணம். சுத்தமான இரும்பின்மேல் பூசினால் அது காப்பு. துருவின்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே சிறைவைத்து, அரிப்பை ஒருவர் கண்ணிலும் படாமல் வளர்க்கும் திரை. மேடுபள்ளமாகத் தெரிகிற இரண்டொரு இடங்களில் ஸ்குரூடிரைவரால் சுரண்டிப் பார்க்க அநுமதி கேளுங்கள். சந்தோஷமாகச் சம்மதிப்பவரிடம் விலை பேசலாம்.

கேள்வி: பளபளப்பைக் கண்டு என் கணவர் ஒரு ஜீப்புக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். சேஸிஸில் தகடு வைத்து வெல்டிங் செய்திருப்பதை நான்தான் பார்த்தேன். ‘அட்வான்ஸ் போய்விடுமே’ என்கிறார். என்ன செய்வது?
— தூத்துக்குடி வாசகி

பதில்: உங்கள் கண் வாழ்க. தகடு வைத்தது என்பதனாலேயே வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சேஸிஸின் நேரான பகுதியில், அதே கனமுள்ள தகட்டை, நல்ல இரும்பு கிட்டும்வரை வெட்டிச் சுற்றிலும் முழுமையாகப் பற்றவைத்திருந்தால் ஏற்கலாம். ஸ்பிரிங் தொங்கும் இடத்திலோ ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தும் இடத்திலோ தகடு இருந்தால் ஏற்கலாகாது. வெல்டிங்கின் உஷ்ணத்தில் உட்புறக் காப்பும் கருகிப்போயிருக்கும். கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும்போதெல்லாம் முறுக்கப்படும் சேஸிஸ் அங்கேதான் விரியும். சேஸிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். துரு அந்த எண்ணைத் தின்றிருந்தால், 15 வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும் சமயத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அட்வான்ஸ் போனால் அந்தத் தொகையோடு நஷ்டம் முடிந்துவிடும். வண்டி வந்தால் நஷ்டமும் கூடவே வரும். அனுபவமுள்ள வெல்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் கணவர் மறுபடியும் போய்ப் பார்க்கட்டும். நீங்களும் அவசியம் கூடப் போங்கள். டார்ச் விளக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.