நஞ்சுச் செடி வளர்த்த கதை

எடின்பரோவில் எங்கள் வீட்டுப் பின்புறம், மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகை ஒன்று ஒரு வருஷத்துக்கும் மேலாக நின்றது. அதன் அடியில் இருந்தவை மண் நிரப்பிய தொட்டிகள் மட்டும்தான்.

எல்லாம் ஆனிக் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த வேகம். நார்தம்பர்லாந்தில் 2005இல் திறந்த அந்த நச்சுத் தோட்டத்துக்குக் கறுப்பு இரும்புக் கதவு, அதிலும் மண்டையோடு. வழிகாட்டி கூட வந்தால்தான் உள்ளே விடுவார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மங்க்ஸ்ஹுட் நினைப்பு. நம் சித்த வைத்தியர்கள் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்யாமல் தொடாத நாவி இருக்கிறதே, அதன் ஐரோப்பியப் பங்காளி. துறவியின் முக்காடுபோல் கவிந்த நீலப்பூ. செடி முழுக்க அகோனிட்டின். நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் நுழையும் வாசல்களை அது மூடவிடாது. முதலில் வாய் மரத்துப்போகும், பிறகு இதயம் தாளம் தப்பும். 1856இல் இதே ஸ்காட்லாந்தின் டிங்வால் ஊரில், குதிரைமுள்ளங்கி என்று நினைத்து இதன் கிழங்கைத் தோண்டிச் சமைத்ததில் விருந்தாளிகள் செத்தே போனார்கள். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலிக்கு மேலாக விளக்கினேன். அவர் தன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மங்க்ஸ்ஹுட் விதை வாங்கும்போதும் அடக்கம் கிடையாது. நீலப்பூ நேப்பெல்லஸ், வெளிர்மஞ்சள் லைகாக்டனம், அக்டோபர்வரை பூக்கும் சீனத்துக் கார்மைக்கேலி, ஏறுகொடியான ஹெம்ஸ்லியானம். ஒரு வகையைக்கூட முளைக்கவைத்துப் பார்க்காதவனுக்கு நாலு வகை.

நான் வெண்டையும் அவரையும் போட்டு வளர்ந்தவன். ராத்திரி ஊறவைத்து, சூடான இடத்தில் வைத்தால் வாரத்துக்குள் முளை தெரியும். அதே தைரியத்தில் மார்ச் மாதம் விதைத்து, ஜன்னலோரம் ரேடியேட்டருக்கு மேலே வைத்து, பூட்டின வீட்டுக்குள் கையுறையோடு தண்ணீர் தெளித்தேன். கோடை முடிந்தும் ஒன்றும் வரவில்லை. இந்த விதைக்குக் குளிர்காலம் ஒன்று கடந்தாக வேண்டும். ஈரமும் குளிரும் வாரக்கணக்கில் பட்டால்தான் உறக்கம் கலையும். காய்ந்து பாக்கெட்டில் கிடந்த பழைய விதையானால் உறக்கம் இன்னும் ஆழம். நான் அதற்குக் கொடுத்ததோ கதகதப்பான மெத்தை.

சரி, குளிர்தானே? மிச்ச விதையை ஈர மணலில் கலந்து, சின்ன டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில். டப்பா மேல் ஒன்றும் எழுதவில்லை. தோட்டத்தில் பலகை நட்டவனுக்கு ஒரு சீட்டு ஒட்டத் தோன்றவில்லை. தாவரக் குடும்பத்தில் கருஞ்சீரகம் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. விதையும் கறுத்து, மூலை மூலையாக ஏறக்குறைய அதே சாயல்.

மனைவி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, கருஞ்சீரகத்துல எப்படி மண்ணு வந்துச்சு? அலசிட்டுத் தாளிக்கவா?"

நான் பாய்ந்து பிடுங்கிய வேகத்தில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. 2009இல் லண்டன் ஃபெல்தமில் குழம்பில் இந்த இனத்து நஞ்சைக் கலந்து ஒருவரைக் கொன்ற வழக்கு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று ராத்திரி நான் பரிமாறியதை அவள் தொடவில்லை. நான் சாப்பிட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் தொட்டிகளை வெளியே பனியில் போட்டுவிட்டேன். ஆரம்பத்திலேயே செய்திருக்கவேண்டியது அதைத்தான். இலையுதிர்காலத்தில் புது விதையைத் தூவி வெளியே வைத்தால் மீதியை ஸ்காட்லாந்து வானிலை பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் ஒரு தொட்டியில் முளை! பிளவுபட்ட பச்சை இலை. கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தனித்தனித் தொட்டிக்கு மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு. ஓடுதண்டு விட்டுப் பரவி, பளபளவென்று மஞ்சள் பூ பூத்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊர்க்காரர்கள் பிடுங்கிப் பிடுங்கி அலுத்த பட்டர்கப் களை அது என்று. அதுவும் அதே குடும்பம்தான்; சொந்தபந்தம் எல்லாம் வந்து சேர்ந்தது, கூப்பிட்ட ஆள் மட்டும் வரவில்லை.

நிஜமான முளைகளும் வந்திருக்கின்றன, பக்கத்துத் தொட்டியில். கோடையில் நாலைந்து இலை விட்டுவிட்டு மறைந்துபோயின. முதல் வருஷத்தில் இந்தச் செடி வேரில் கொஞ்சம் சத்தைச் சேர்த்து வைத்துவிட்டு மண்ணுக்குள் போய்விடுவது வழக்கம். பூக்க இரண்டு மூன்று வருஷமாகும். நான் செத்ததாக முடிவுகட்டி, மண்ணோடு வேலியோரம் கொட்டிவிட்டேன். கோபத்தில் பலகையையும் பிடுங்கி ஷெட்டில் போட்டேன்.

கொட்டிய இடத்தில், நான் திரும்பியும் பார்க்காத ஒரு ஜூலையில், லைகாக்டனம் பூத்தது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மற்ற மூன்று வகைகள் போன இடம் தெரியாது. ஒன்றாவது என் கைங்கரியம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழியில்லை.

இதன் பூ நீண்டு உயர்ந்த குல்லாய், தேன் உச்சியில். நீண்ட நாக்குள்ள பம்பிள் பீ உள்ளே புகுந்து எட்டிக் குடிக்கும்போதுதான் மகரந்தம் உடம்பில் ஒட்டும். அந்தக் காட்சிக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கடைசியில் ஒன்று வந்தது. குல்லாய் உச்சியில் கவிழ்ந்து உட்கார்ந்து மும்முரமாக வேலை செய்தது. படமெடுத்து, 'நம் தோட்டத்தில் மகரந்தச் சேர்க்கை' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சித்தப்பா கைகூப்பினார். பெரியம்மா பூங்கொத்து அனுப்பினார்.

தாவரவியல் படிக்கும் அக்கா மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். "மாமா, இது குட்டை நாக்கு வண்டு. வெளியே உக்காந்து ஓட்டை போட்டுத் தேன் திருடுது. மகரந்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."