கூலிங் வாத்தியார்

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் தெருவுக்கு ஒரு வாத்தியார் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. தொழிற்பேட்டையில் ஏதாவது பட்டறையில் சூப்பர்வைசராக இருப்பார். இல்லாவிட்டால் வழுதாவூர் சாலையில் சின்னதாக ஒரு கடை வைத்திருப்பார். அதுவும் இல்லாவிட்டால் மில் மூடியதிலிருந்து வீட்டில் இருப்பார். வயது ஐம்பதை ஒட்டி. முன்னால் கொஞ்சம் தொப்பை. அது பீரால் வந்ததில்லை, அப்பா வழி என்று கேட்காமலே சொல்வார். யாருக்கும் அ, ஆ சொல்லிக்கொடுத்தவரில்லை. ஆனால் சென்னையிலிருந்து ஒரு கார் வந்து வாசலில் நின்று, நாலு பேர் இறங்கி, "மாமா, இங்க எந்த பீர் நல்லாருக்கும்?" என்று கேட்டுவிட்டால் போதும், அவருக்குள் ஒரு கரும்பலகை எழுந்து நிற்கும்.

"நல்லாருக்கும்னா இன்னா? ஏறணுமா, இறங்கணுமா?"

இதுதான் முதல் பாடம். தலைக்கு ஏறுவது ஸ்ட்ராங். தொண்டையில் இறங்குவது லைட். உலகத்தில் உள்ள பீர் எல்லாம் இந்த இரண்டு சாதிக்குள் அடக்கம் என்பது வாத்தியார் கட்சி. அவர் இறங்கும் கட்சி. வந்தவர்கள் எப்போதும் ஏறும் கட்சி. இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பங்கு ஸ்ட்ராங்தான் என்பதால் அவர் நிரந்தரச் சிறுபான்மை. சிறுபான்மைக்கே உரிய பிடிவாதமும் உண்டு.

ஏறும் கட்சிக்காரர்களைத் திருத்த அவர் கையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பெரிய பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் 8 சதவீதம் என்றால் உள்ளே சுத்தமான ஆல்கஹால் 52 மில்லி. ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் 77 மில்லி. "ஆக, பீர்தானே, தண்ணி மாதிரின்னு ரெண்டு ஸ்ட்ராங் அடிக்கிறவன் குவார்ட்டரைத் தாண்டிப் போய்க்கினு இருக்கான். அவனுக்கே தெரியாது. பொண்டாட்டிக்குத் தெரியும்." கணக்கு சரிதான், நான் போட்டுப் பார்த்தேன். சென்னைப் பையன்களும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, "அப்ப ஸ்ட்ராங்தான் மாமா லாபம்" என்றார்கள். பாடம் நடத்துகிறவனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

கடைக்கு அவருடன் போவது ஒரு அனுபவம். பிராண்ட் பெயரைக் கடைசியில்தான் சொல்வார். முதல் கேள்வி, "கூலிங் இருக்கா?" பையன் "இருக்குண்ணே" என்பான். அது பதில் இல்லை. பாட்டில் கைக்கு வரவேண்டும். கழுத்தைத் தொடமாட்டார், அடியைத் தொடுவார். கழுத்து ஃபிரிட்ஜில் வைத்த பத்து நிமிஷத்திலேயே ஜில்லென்று ஆகிவிடுமாம், அடிதான் உண்மையைச் சொல்லுமாம். பிறகு லேபிளில் கட்டை விரலை வைத்துத் தேய்ப்பார். ஈரத்தில் லேபிள் லேசாக நகர்ந்தால் ரொம்ப நேரமாக உள்ளே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது தேதி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாட்டிலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மாதத்தை விரல்விட்டு எண்ணுவார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முதலில் பொறுமை இழப்பார்கள், அப்புறம் அவர்களும் தங்கள் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்க்க ஆரம்பிப்பார்கள். அதன் பிறகும் இவரைத் திட்டுகிற கண் கடைப்பையனுடையது மட்டும்தான்.

பச்சை பாட்டில் வெயில் படுகிற அலமாரியில் நின்றால் தொடமாட்டார். "மரநாய் வாடை வரும்" என்பார். நான் இதை அவருடைய பல மூடநம்பிக்கைகளில் ஒன்று என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்தால் உண்மை. பீரில் கசப்புக்காகச் சேர்க்கிற ஹாப்ஸ் பூவின் சத்து வெளிச்சம் பட்டால் உடைந்து ஒரு கந்தக நாற்றத்தைக் கிளப்பும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. உலகத்தில் பீர் பாட்டில் பெரும்பாலும் கஷாய பாட்டில் நிறத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கஷாயம் என்று சொன்னது நான் இல்லை, அவர் வீட்டம்மா. "அந்தக் கசாயத்த ஊத்திக்கினு வந்துட்டீங்களா?" என்பதுதான் சனிக்கிழமை இரவுகளின் வரவேற்புரை. அதற்கும் வாத்தியாரிடம் பதில் உண்டு. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. நம் வேப்பம்பூ மாதிரி. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து எடுப்பது மால்ட். நம் கேழ்வரகு மால்ட்டுக்குச் செய்வது போலத்தான். "சித்திரை ஒண்ணாந்தேதி வேப்பம்பூ ரசம் வச்சுக் குடிக்கச் சொல்றியே, அது கசக்கலியா?" அந்த அம்மா அசரமாட்டார். "அத குடிச்சிட்டு யாரும் பக்கத்து வீட்டு கேட்டத் தொறந்ததில்ல" என்பார். அது ஒரே ஒரு முறை நடந்தது. பதினோரு வருஷமாகிறது.

வாத்தியாருக்கு இந்த அந்தஸ்து எப்படி வந்தது என்று யோசித்தால் அது நாக்கால் வந்ததில்லை, எல்லைக்கோட்டால் வந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஊர் கைமாறியது, கடைகள் கைமாறவில்லை. அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1971இல் திறந்தார்கள், சில வருஷத்தில் மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அரசு நிறுவனத்திடமே போனது. இந்தப் பக்கம் இன்றைக்கும் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலத்துக்குப் போகின்றன. தட்டாஞ்சாவடியிலிருந்து கோரிமேட்டுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே வளர்ந்தவனுக்கு "எது இருக்கு?" என்று கேட்கத்தான் தெரியும். இங்கே வளர்ந்தவனுக்கு "அது ஏன் இல்ல?" என்று கேட்கத் தெரியும். விருப்பம், ரசனை என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் அலமாரியின் நீளத்தைப் பொறுத்த விஷயம் என்று எனக்கு வாத்தியாரைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

2020 மே மாதம் ஊரடங்கு தளர்ந்து கடை திறந்தபோது கொரோனா வரி என்று ஒன்றைப் போட்டு இங்கே விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு ஏற்றினார்கள். எல்லோரும் காசைப் பற்றிப் புலம்பினார்கள். வாத்தியார் புலம்பியது வேறு. "இனிமே எவன்யா நம்மளத் தேடி வருவான்?" வெளியூர்க் கார் இல்லாத பல மாதங்கள் அவர் பாடமே எடுக்கவில்லை. கொஞ்சம் இளைத்துக்கூடப் போனார்.

இத்தனை நீள அலமாரியில் அவர் எதைக் குடிக்கிறார் என்று கேட்கிறீர்களா? கே.எஃப். அதாவது கிங்ஃபிஷர், சாதா. கல்யாணமான நாளிலிருந்து அதுதான். நடுவில் எத்தனையோ வந்து போயின. நாக்அவுட், கல்யாணி பிளாக் லேபிள், கோல்டன் ஈகிள். நம்பர் பீர்கள் வேறு: ஹேவர்ட்ஸ் 5000 என்றார்கள், வோரியன் 6000 என்றார்கள். 5000 எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, 6000 அதைவிடப் பெரியது என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. வாத்தியார் எல்லாவற்றையும் ஒருமுறை வாங்கி, ஒரு வாய் வைத்து, ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டு கே.எஃப்.புக்குத் திரும்பிவிடுவார். ஒன்று "வாயில ஒட்டுது". இன்னொன்று "தகர டப்பா நக்கினாப்ல இருக்கு". பெங்களூரிலிருந்து வந்த மருமகன் ஆரஞ்சுத் துண்டு செருகிய கோதுமை பீர் வாங்கிக் கொடுத்தபோது, ஆரஞ்சை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "ஜுரத்துக்கு நல்லது" என்றார்.

பாரிஸில் இருக்கிற சித்தப்பா ஒருமுறை வாத்தியாரை அங்கே அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார். புதுச்சேரியில் ஒவ்வொரு மூன்றாவது குடும்பத்துக்கும் பாரிஸில் ஒரு சித்தப்பா உண்டு, அதனால் இதில் பெருமை இல்லை. அங்கே கடையில் 'தெமி' என்று கேட்டால் பீர் வரும். தெமி என்றால் பாதி. வருவது கால் லிட்டர். "பாதின்னு சொல்லி காலைக் குடுக்கறான் முசே, இவன்கிட்டயா முந்நூறு வருஷம் ஊர விட்டு வச்சோம்?" என்று வாத்தியாருக்கு இன்றைக்கும் ஆற்றாமை. நம் ஊர் குவார்ட்டரும் கால் லிட்டர் இல்லையே என்று கேட்டேன். முறைத்தார்.

சித்தப்பாவின் யாழ்ப்பாணத்து நண்பர் அங்கே ஒரு தகவல் சொன்னாராம். இலங்கையில் லயன் ஸ்டவுட் என்று கறுப்பு பீர் ஒன்று உண்டு, அதை உலகத்துக்குப் புகழ்ந்து சொன்னவர் மைக்கேல் ஜாக்சன் என்று. வாத்தியார் அதை அப்படியே ஊரில் வந்து பரப்பிவிட்டார். "அந்த ஆட்டம் ஆடணும்னா சும்மாவா? ஸ்டவுட்டு!" அந்த மைக்கேல் ஜாக்சன் பீரைப் பற்றி எழுதியே வாழ்ந்த ஒரு ஆங்கிலேய எழுத்தாளர், நிலாவில் நடப்பது போல ஆடினவர் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தொழிற்பேட்டை முழுக்க இப்போது அப்படித்தான் நம்புகிறார்கள்.

ஆனால் அவர் உண்மையிலேயே கோபப்படுவது ஒரே விஷயத்துக்குத்தான். கிளிசரின்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சடங்கு உண்டு. பீர் பாட்டிலைத் திறந்ததும் வாயைக் கட்டை விரலால் மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டு விரலை எடுப்பார்கள். பாட்டிலிலிருந்து எண்ணெய் மாதிரி இழை இழையாக ஏதோ கீழே இறங்கும். "பாத்தியா, கிளிசரின்! உடம்புக்கு ஆகாது" என்று எல்லோரும் பயபக்தியோடு பார்ப்பார்கள். இழை நின்றதும் பாட்டிலை எடுத்துக் குடிப்பார்கள். சென்னைப் பையன் ஒருவன் வாத்தியார் வீட்டு மொட்டை மாடியில் இதைச் செய்யத் துணிந்தான். அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தவர் தட்டோடு எழுந்துவிட்டார்.

"டேய், நிறுத்துடா! அது கிளிசரினும் இல்ல, மண்ணெண்ணெயும் இல்ல. பீருதான் எறங்குது!"

விளக்கினார். பீரில் மால்ட்டின் சர்க்கரைச் சத்து கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் தண்ணீரைவிட ஒரு இழை கனம். தலைகீழாகக் கவிழ்த்தால் கனமானது கீழே இறங்கும், லேசான தண்ணீர் அந்த இடத்துக்கு மேலே ஏறும். காசு கொடுத்து வாங்கிய பீரை டம்ளருக்குக் கொடுத்துவிட்டு, டம்ளர் தண்ணீரைப் பாட்டிலில் வாங்கிக் குடிக்கிறாய். "சர்பத்த தண்ணில ஊத்திப் பாரு, அதுவும் அப்டித்தான் எறங்கும். அதுல யாருடா கிளிசரின் போட்டான்?" அன்றைக்கு அவர் பேசியது அத்தனையும் பௌதிகம். பத்தாம் வகுப்பில் எங்களுக்கு அடர்த்தி நடத்தியவர் இந்த உதாரணத்தைச் சொல்லியிருந்தால் வகுப்பே தேறியிருக்கும். பையன் மட்டும் கடைசிவரை சந்தேகத்தோடு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணால் கண்ட கிளிசரினை எப்படி இல்லையென்று சொல்வது?

போன ஆடியில் வாத்தியாரின் தங்கை வீட்டில் காதுகுத்து. விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கிராமம். நானும் போனேன். மதகடிப்பட்டு தாண்டினால் சோதனை இருக்கும், அதனால் இங்கிருந்து ஒரு பாட்டில்கூட எடுத்துவரவில்லை. வாத்தியார் வெறுங்கையோடு எல்லையைக் கடந்ததே எனக்குப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது, ஸ்டெதாஸ்கோப் இல்லாத டாக்டர் மாதிரி.

சாப்பாடு முடிந்து, பந்தல்காரர்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், வைக்கோற்போருக்குப் பின்னால் எங்களைக் கூப்பிட்டார். செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பாட்டில். பெயரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஸ்ட்ராங். "மூணு கடை அலைஞ்சேன் மச்சான். ஒங்களுக்கு பீருதானே புடிக்கும்" என்றார். அவர் சட்டை முதுகு முழுக்க வியர்வை.

வாத்தியார் பாட்டிலை வாங்கினார். பழக்கதோஷத்தில் கை அடியைத் தொட்டது. வெந்நீர் போட்டு இறக்கிய மாதிரி இருந்திருக்க வேண்டும், விரலை வெடுக்கென்று எடுத்தார். லேபிளில் கட்டை விரல் போனது, லேபிள் நகரவில்லை. தேதியைத் திருப்பப் போனார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பவில்லை.

"குடுங்க மச்சான்" என்று மாப்பிள்ளை பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் தயாராக இருந்தது. அவர் கட்டை விரல் பாட்டில் வாயை மூடியதும் நான் வாத்தியாரைப் பார்த்தேன்.

பாட்டில் தலைகீழாகச் சொம்புக்குள் போனது. மாப்பிள்ளை குனிந்து சொம்புக்குள் பார்த்தார். "எம்மாம் எறங்குது பாருங்க! ஒங்களுக்கு ஒடம்புக்கு ஆவாதுன்னு தங்கச்சி சொல்லிச்சு. முழுசா எடுத்துட்டுத் தரேன்." முழுசாகத்தான் எடுத்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. ஒரு மல்லாட்டையை எடுத்து, ரொம்ப மெதுவாக உரித்தார்.

பாட்டில் கைக்கு வந்தது. ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"எப்டி இருக்குது மச்சான்?"

"ஏறல மாப்ள" என்றார் வாத்தியார். "நல்லா எறங்குது."